நீர்நாய் எழுதிய வரி

களியக்காவிளையில், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்,
கோழிக்கடை மாடியில்
ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன்.
ஜெர்மனி போனதில்லை.
விமானத்தைப் பார்த்திருக்கிறேன், சங்குமுகம் மணலில் நின்று,
அதன் வயிற்றை மட்டும்.

பதினோரு பேர். எல்லாரும் நர்சிங் முடித்தவர்கள்.
ஏழு பேருக்குத் தமிழ், நான்கு பேருக்கு மலையாளம்,
சண்டை என்று வந்தால் பதினோரு பேருக்கும் இரண்டும்.

புத்தகம் நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
அதில் ம்யூலர் என்று ஒருவர்
பாடம் பாடமாக ரொட்டி வாங்குகிறார்.
ஒருநாளும் அவருக்குத் தலை நோகாது.

ஆகவே யாரோ இணையத்தில் இலவசமாக விட்டிருந்த
ஒரு பாடத்தை எடுத்தோம்.
அடியில் சின்ன எழுத்தில் இருந்தது:
எடுத்துக்கொள், திருத்து, பிறருக்குக் கொடு,
செய்தவர் பெயரை மட்டும் சொல்லிவிடு.
இவ்வளவு மரியாதையாக எந்தப் பதிப்பகமும்
என்னிடம் பேசியதில்லை.

அந்தப் பாடத்தில் ம்யூலரைக் கட்டிலில் படுக்கவைத்தோம்.
எங்கே வலிக்கிறது? எப்படி வலிக்கிறது?
எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஒரு கோப்பு.
மூன்று கட்டம்: ஜெர்மன், தமிழ், மலையாளம்.

குத்துது, எரியுது, இதெல்லாம் உடனே கிடைத்தன.
இழுக்குது என்பதற்கு
அவர்களும் இழுப்பதையே வைத்திருந்தார்கள்: ட்ஸீஹெண்ட்.
சோபிதா மேசையைத் தட்டினாள்,
விட்டுப்போன சொந்தக்காரரைக் கண்டுபிடித்ததுபோல.
பிறகு கடுக்குது வந்தது. உளையுது வந்தது.
லிஜின் மலையாளத்தில் கடச்சில் என்று போட்டான்.
அது கடுப்பா, உளைச்சலா என்று
வாங்கிவைத்த பரோட்டா ஆறும்வரை தர்க்கம்.
லைப்ட்சிக் நகரத்து ட்ராம் ஓட்டுநர் ஊட்டெ,
ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் திருத்துகிறவர்,
ஓரத்தில் எழுதினார்:
உங்களிடம் எத்தனை வலி!

பெயர் பதியாமல் உள்ளே வருகிறவர்களுக்கு
அந்தக் கோப்பு ஒரு விலங்கின் பெயரைக் கொடுக்கும்.
பெயரிலி ஒட்டகம். பெயரிலி கரடி.
கரடி வியட்நாமிலிருந்து வந்தது,
கேட்காமலே நான்காவது கட்டம் திறந்துகொண்டது.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆடி மழை. விடிகாலை நாலேகால்.
பெயரிலி நீர்நாய்.
எழுத்து ஒவ்வொன்றாக வந்தது, நடுநடுவே அழிந்து:
அண்டிப்பால் பட்ட விரலு ராத்திரி காந்துமே
அது இதுல இல்ல.

அந்நேரத்தில் இங்கே விழித்திருப்பவர்கள்
நெற்றி விளக்கோடு ரப்பர் வெட்டப் போகிறவர்கள்,
அண்டி ஆபீஸ் வேனுக்கு நிற்கிறவர்கள்,
தூக்கம் வராத நான்.
யாருங்க என்று ஓரத்தில் கேட்டேன்.
நீர்நாய் முங்கிவிட்டது.

வகுப்பில் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.
பெனிலா மட்டும் பைக்குள் எதையோ தேடினாள்,
வெகுநேரம் தேடினாள்.
நான் பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன்.

அண்டிப்பால் என்றால் என்ன என்று ஊட்டெ கேட்டார்.
முந்திரிக்கொட்டை ஓட்டில் ஊறும் எண்ணெய்,
தோலைத் தின்னும் என்று எழுதினோம்.
அவர் ஊரில் முந்திரி உப்புப் போட்டு டப்பாவில் வரும்.
மூன்று நாள் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை.
ஞாயிறன்று ஜெர்மன் கட்டத்தில் ஒரு முழு வாக்கியம்,
ஒரு சொல்லில் அடங்கவில்லை, மன்னிக்கவும் என்று குறிப்போடு.
கரடி மட்டும் யோசிக்கவேயில்லை.
அங்கேயும் முந்திரி உடைக்கிறார்கள்.

இப்போது நாற்பத்து மூன்று வலிகள்.
இலவசமாக வந்தது அப்படியே வெளியே போகவேண்டும்.
நிபந்தனை ஒன்றுதான், செய்தவர் பெயர்.
சோபிதா, லிஜின், பெனிலா, ஊட்டெ
என்று அடித்துக்கொண்டே வந்தேன்.
நீர்நாய், களியக்காவிளை என்றும் அடித்தேன்.
பிறகு ஊரை மட்டும் அழித்தேன்,
கேட்காமல் ஒருவர் வீட்டைக் கைகாட்டியதுபோல் இருந்தது.

கீழே கோழிக்கடையில் கத்தி தீட்டுகிறார்கள்.
நாளை பத்து மணி வகுப்புக்கு
ம்யூலர் விரலை ஊதிக்கொண்டே வருவார்.